சந்தா எதற்கு?
விஸ்கான்சின் தொழிலாளர் சம்மேளனம் தரும் விடை

சென்ற கோடையில் நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் மகாசபைக் கூட்டத்திற்கு நாம் சென்றிருந்தோம். வரவு செலவு அறிக்கை படிக்கப்பெற்றது. பங்கு ஈவு பற்றிய தீர்மானமும் நிறைவேறிற்று. அடுத்து, சங்கம் இணைந்துள்ள சம்மேளனத்துக்கு ஆண்டுச் சந்தா செலுத்துவது பற்றிய பொருள் எடுத்துக்கொள்ளப்பட்டது. அப்பொழுது முதிய அங்கத்தினர் ஒருவர் எழுந்தார். நாற்பது ஆண்டுகளாகத் தறியில் அமர்ந்து உழைப்பவர். வாங்கிய கடனில் ஒரு தவணையும் தவறாதவர்.

“இன்ஸ்பெக்டர் ஐயா, இந்தச் சம்மேளனம் எங்களுக்கு நூல் தருகிறதா? நாங்கள் நெய்த சேலையை விற்றுத் தருகிறதா? கண்ணால் காணாத ஒன்றுக்கு வருஷந்தோறும் பணம் கட்டுவானேன்?” என்று அவர் கேட்டார்.

துணைவிதியில் இன்ன பிரிவில் இவ்வாறு கூறப்பட்டுள்ளது என்று நாம் எடுத்துக் காட்டினோம். அவர் மறுபேச்சின்றி அமர்ந்தார். ஆயினும் அவர் மனம் நிறைவடையவில்லை என்பதை அவர் முகம் காட்டிற்று. உண்மையில் நமக்கும் நிறைவில்லை. விதியைச் சுட்டுவது வேறு, காரணம் சொல்வது வேறு. அப்பொருள் அடுத்த மகாசபைக்கு ஒத்திவைக்கப்பட்டது. அன்று சொல்லத் தவறிய காரணத்தை ஈண்டுச் சொல்ல முயல்கின்றோம்.

இக்கேள்வி நம் ஊரில் மட்டும் எழுந்ததன்று. அமெரிக்க ஐக்கிய நாட்டின் வடபால், மிச்சிகன் ஏரிக்கரையை அடுத்துள்ள விஸ்கான்சின் மாநிலத்தில், தொழிலாளர் சம்மேளனம் ஒன்று 1893-ஆம் ஆண்டு முதல் இதே கேள்விக்கு விடை கூறி வந்துள்ளது. தொழிற்சங்கம் வேறு, கூட்டுறவுச் சங்கம் வேறு என்பதை வாசகர்கள் அறிவர். முன்னது முதலாளியிடம் ஊதியம் பேசுவது. பின்னது முதலாளியின்றித் தாமே தொழில் நடத்துவது. எனினும், சிறு சங்கங்கள் பல ஒன்றுகூடிப் பெருஞ்சங்கம் ஒன்றை அமைத்து, அதற்குத் தலைக்கு இவ்வளவு என்று சந்தா செலுத்தும் முறை இரண்டுக்கும் பொது. ஆகவே அவர்களுடைய அனுபவம் நமக்குப் பயன்படக்கூடியது. மேலும் விஸ்கான்சின் என்பது ஆலைகள் மட்டும் நிறைந்த நாடன்று. அதன் பெரிய நகரமான மில்வாக்கியில் இயந்திரத் தொழிலும் தோல் பதனிடும் தொழிலும் பீர் ஆலைகளும் செழித்தன. நகரைக் கடந்தால் பால் பண்ணைகளும், பாலாடைக்கட்டி செய்யும் விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கங்களுமே பெரும்பகுதி. உழவரும் தொழிலாளரும் ஒருவரையொருவர் புறக்கணித்து வாழ முடியாத இடம் அது.

சம்மேளனத்தின் அமைப்பு

முதலில் அமைப்பைத் தெரிந்துகொள்வோம். ஓர் ஆலையிலோ ஓர் ஊரிலோ ஒரே தொழில் புரிவோர் சேர்ந்து அமைப்பது தொடக்கச் சங்கம். ஒரு நகரம் அல்லது மாவட்டத்திலுள்ள பலவகைத் தொழிற் சங்கங்கள் கூடி அமைப்பது வட்டாரத் தொழிலாளர் மன்றம். மாநிலம் முழுவதிலுமுள்ள சங்கங்கள் சேர்ந்தது மாநிலச் சம்மேளனம். தச்சர், ஆசிரியர், தபால்காரர், மின் பணியாளர், மருத்துவமனைத் தாதியர் ஆகிய பலரும் இதில் அடங்குவர்.

முதலாளியுடன் ஊதிய ஒப்பந்தம் பேசுவது தொடக்கச் சங்கத்தின் பொறுப்பேயன்றிச் சம்மேளனத்தின் பொறுப்பன்று. இதை மனத்திற்கொள்வது அவசியம். ஓர் ஆலையில் பேசி முடிக்க இயலாதவற்றைக் கவனிப்பதற்கென்றே மாநிலச் சம்மேளனம் தோன்றியது. வேலையில் கை இழந்தவனுக்கு யார் சோறு போடுவது? ஆலை மூடினால் குடும்பம் எங்ஙனம் பிழைப்பது? பிள்ளை பெற்ற தாய்க்கு வேலை நிலைக்குமா? இவை ஒரு முதலாளியும் ஒரு சங்கமும் மேசையில் அமர்ந்து தீர்க்கும் விஷயங்கள் அல்ல. இவற்றுக்குச் சட்டம் வேண்டும். சட்டம் வேண்டுமாயின் சட்டமன்றத்தின் வாயிலில் நாள்தோறும் நிற்பதற்கு ஆள் வேண்டும். அந்த ஆளின் சம்பளத்துக்கும் பயணச் செலவுக்கும் தாள் செலவுக்குமே சந்தா.

இத்தகைய சம்மேளனம் தோன்றுவதற்கு முன் நிகழ்ந்த துன்பம் ஒன்றையும் கூற வேண்டும். 1886-ஆம் ஆண்டு மே மாதம் 5-ஆம் தேதி, எட்டு மணி நேர வேலை வேண்டுமென்று மில்வாக்கித் தொழிலாளர்கள் பே வியூ என்னும் பகுதியிலிருந்த இரும்பாலையை நோக்கி ஊர்வலம் சென்றனர். கவர்னரின் கட்டளைப்படி மாநிலப் படையினர் சுட்டனர். குறைந்தது ஏழு பேர் மாண்டனர். பள்ளிச் சிறுவன் ஒருவனும் அவர்களுள் ஒருவன். அடுத்த ஆண்டிலேயே நகரத்துத் தொழிற்சங்கங்கள் ஒரே மன்றமாய் இணைந்தன. 1893-இல் மாநிலச் சம்மேளனம் உருவாயிற்று. அதைத் தொடக்க முதல் 1917 வரை நடத்தி வந்தவர் பிராங்க் வெபர் என்னும் கப்பல் தச்சர். அவரே பின்னர் மாநிலச் சட்டமன்றத்திலும் அமர்ந்தார். தெருவில் ஏற்பட்ட இழப்புக்குப்பின் சட்டமன்றத்தில் பேசும் வழியை அவர்கள் நாடினர் எனலாம்.

விபத்தும் நஷ்ட ஈடும்

சம்மேளனம் பெற்ற முதற்பெரும் பயன் 1911-ஆம் ஆண்டின் தொழிலாளர் நஷ்ட ஈட்டுச் சட்டம். அதன் அருமையை உணர வேண்டுமாயின், அதற்கு முந்திய நிலையை அறிய வேண்டும்.

அக்காலத்தில் இயந்திரத்தில் கை சிக்கிய தொழிலாளி நஷ்ட ஈடு பெற வேண்டுமானால், முதலாளிமீது வழக்குத் தொடர வேண்டும். நீதிமன்றத்தில் முதலாளிக்கு மூன்று தடுப்புகள் இருந்தன. உடன் வேலை செய்தவனின் கவனக்குறைவால் விபத்து நேர்ந்ததெனில் முதலாளி பொறுப்பல்லர் என்பது ஒன்று. ஆபத்தை அறிந்தே வேலைக்கு வந்தான் ஆதலின் அவனே பொறுப்பு என்பது இரண்டாவது. காயமுற்றவனிடத்திலும் சிறிது கவனக்குறைவு உண்டு என்று காட்டினால் போதும், ஒன்றும் தரவேண்டியதில்லை என்பது மூன்றாவது. இம்மூன்றையும் கடந்து வெற்றி பெற்றோர் சிலரே. அவர்களும் வழக்கறிஞருக்குக் கொடுத்தது போக மிஞ்சியதைக் கொண்டு பிழைக்க வேண்டியிருந்தது. தோற்றவர்களுடைய மனைவி மக்கள் ஊராரின் தருமத்தை நம்பி நின்றனர்.

புதிய சட்டத்தின் கருத்து மிக எளிது. விபத்து யாருடைய குற்றத்தால் நேர்ந்தது என்று ஆராய வேண்டியதில்லை; வேலையின்போது நேர்ந்தது என்றால், வரையறுத்த தொகை தரப்பட வேண்டும். அதற்கு ஈடாகத் தொழிலாளி வழக்குத் தொடரும் உரிமையை விட்டுக்கொடுப்பான். முதலாளிக்கும் எதிர்பாராத பெருந்தொகைத் தீர்ப்புப் பற்றிய அச்சம் நீங்கும். இதனால்தான் முதலாளிகளிற் பலரும் இறுதியில் இணங்கினர். சட்டத்தில் சேராத முதலாளி மேற்கூறிய பழைய தடுப்புகளுட் சிலவற்றை இழக்கும்படியும் விதி அமைந்தது.

நியூயார்க் மாநிலத்தில் 1910-இல் இயற்றப்பட்ட இத்தகைய சட்டம் 1911 மார்ச்சில் நீதிமன்றத்தால் செல்லாதெனத் தள்ளப்பட்டது. சில வாரங்களுக்குள், மே மாதம் 3-ஆம் தேதி, விஸ்கான்சின் சட்டம் கையொப்பமாயிற்று. அதே ஆண்டு நவம்பரில் அம்மாநிலத் தலைமை நீதிமன்றம் அது செல்லும் என்று தீர்ப்பளித்தது. பிற மாநிலங்கள் பின்பற்ற வழி திறந்தது. சட்டத்தை நடைமுறைப்படுத்தத் தொழில் ஆணையம் ஒன்றும் அவ்வாண்டே நிறுவப்பட்டது.

ஈண்டு ஒன்றைக் கவனிக்க வேண்டும். இச்சட்டத்தின் பயன் சம்மேளனத்தின் அங்கத்தினர்க்கு மட்டும் உரியதன்று. சங்கமே இல்லாத ஆலையில் வேலை செய்தவனும், சந்தா கட்டமாட்டேன் என்று மறுத்தவனும் அதே நஷ்ட ஈட்டைப் பெற்றனர். சம்மேளன வேலையின் பெருமை இதுவே; அதன் பலவீனமும் இதுவே. இதனைப் பின்னர்க் காண்போம்.

பதினோர் ஆண்டுப் பொறுமை

வேலையிழந்தோர்க்கான நிதிச் சட்டத்தின் வரலாறு நம் அங்கத்தினர்கள் நினைவிற்கொள்ளத் தக்கது. அறுப்புக்கும் விதைப்புக்கும் இடையே பொறுத்திருக்கத் தெரிந்த உழவர்க்கு இது எளிதில் விளங்கும்.

விஸ்கான்சின் சர்வகலாசாலைப் பொருளாதாரப் பேராசிரியர் ஜான் காமன்ஸ், வேலையின்மை என்பது சோம்பேறித்தனத்தின் விளைவன்று, தொழில் நடத்தும் முறையில் உள்ள குறையின் விளைவு என்று கருதினார். விபத்துச் செலவை முதலாளி ஏற்கும்படி செய்தவுடன் ஆலைகளில் பாதுகாப்பு மிகுந்தது. அதுபோல ஆட்குறைப்பின் செலவையும் முதலாளி ஏற்பாரானால் ஆட்குறைப்பும் குறையும் என்பது அவர் வாதம். அவர் வகுத்த மசோதா 1921-இல் ஹியூபர் என்னும் மாநில மேற்சபை அங்கத்தினரால் கொண்டுவரப்பட்டுத் தோற்றது. அடுத்தடுத்த கூட்டத்தொடர்களிலும் இத்தகைய மசோதாக்கள் தோல்வியே கண்டன.

தேசிய அளவிலிருந்த அமெரிக்கத் தொழிலாளர் சம்மேளனமே அக்காலத்தில் இத்தகைய கட்டாயத் திட்டத்தை எதிர்த்தது என்பது வியப்பாயிருக்கலாம். அரசாங்கம் தரும் உதவி தொழிற்சங்கத்தின் வலிமையைக் குறைத்துவிடும் என்று அதன் தலைவர்கள் அஞ்சினர். 1932-இன் பிற்பகுதியில்தான் அவர்கள் கொள்கையை மாற்றிக்கொண்டனர். ஆனால் விஸ்கான்சின் மாநிலச் சம்மேளனம், ஹென்றி ஓல் என்பவரின் தலைமையில், மேலிடத்தின் கருத்துக்கு மாறாக இம்மசோதாவை ஆதரித்து நின்றது. தன் மாநிலத்துக் குடும்பங்களின் நிலையை அருகிலிருந்து அறிந்தமையே அதற்குக் காரணம்.

1929-க்குப்பின் பெருமந்தம் வந்தது. ஆலைகள் மூடின. 1931-இல் சட்டமன்ற அங்கத்தினரும் பொருளாதார அறிஞருமான ஹெரால்டு குரோவ்ஸ் புதிய மசோதாவைக் கொண்டுவந்தார். அதை வகுப்பதில் எலிசபெத் பிராண்டைஸ், அவருடைய கணவர் பால் ராஷன்புஷ் ஆகிய இருவரும் துணை நின்றனர். ஆதரவாளர்கள் மாநிலமெங்கும் ஊர் ஊராய்ச் சென்று கூட்டங்களில் பேசினர். 1932 ஜனவரி 28-ஆம் தேதி கவர்னர் பிலிப் லா பாலட் அதில் கையொப்பமிட்டார். ஐக்கிய நாட்டில் வேலையின்மை உதவிக்கென ஏற்பட்ட முதற் சட்டம் அதுவே.

அதன்படி முதலாளி தம் சம்பளப் பட்டியல் தொகையில் நூற்றுக்கு 2 பங்கு ஒதுக்கி வைக்க வேண்டும். ஒவ்வொரு முதலாளிக்கும் தனிக்கணக்கு. ஆட்களை நீக்காமல் தொழில் நடத்துவோருக்குச் செலவு குறையும். வேலையிழந்தவர்க்கு வாரத்துக்கு 10 டாலர் வரை, ஆண்டில் 10 வாரங்கள் வரை உதவி கிடைக்கும். இன்று நோக்கின் இது சிறு தொகையே. அன்று அது கடைக்காரரிடம் தலைகுனியாமல் உப்பும் மாவும் வாங்கப் போதுமான தொகை. நிதி சேர்ந்து, 1936 ஆகஸ்டில் முதல் காசோலை 15 டாலருக்கு மாடிசன் நகரில் வழங்கப்பட்டது. மசோதா முதன்முதல் வந்த நாளிலிருந்து கணக்கிட்டால், சட்டமாவதற்குப் பதினோர் ஆண்டும், முதல் காசோலைக்குப் பதினைந்து ஆண்டும் சென்றன.

இதற்கிடையில் அம்மாநிலத்து அறிஞரான எட்வின் விட்டி வாஷிங்டனுக்கு அழைக்கப்பெற்று, 1935-ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தை உருவாக்கிய குழுவின் நிர்வாகப் பொறுப்பை ஏற்றார். ஒரு மாநிலத்தில் பழகிய வேலை நாடு முழுவதற்கும் பயன்பட்டது.

குடும்பத்தைக் கருதிய சட்டங்கள்

சம்மேளனத்தின் கவனம் ஆலையோடு நின்றுவிடவில்லை. 1955-இல் நாட்டின் இரு பெருந்தொழிலாளர் அமைப்புகளும் ஒன்றாயின; விஸ்கான்சினில் அவற்றின் மாநிலக் கிளைகள் 1958-இல் ஒன்றாயின. அடுத்த ஆண்டு, நகராட்சி முதலிய உள்ளூர் ஆட்சிப் பணியாளர்கள் கூட்டாக ஊதியம் பேசும் உரிமையை விஸ்கான்சின் சட்டமாக்கியது. அவ்வாறு செய்த முதல் மாநிலம் அதுவே.

1988-இல் குடும்ப, மருத்துவ விடுமுறைச் சட்டம் வந்தது. 50 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடங்களில், குழந்தை பிறந்தாலும் தத்தெடுத்தாலும் ஆண்டில் 6 வாரம், குடும்பத்தினர் கடும் நோயுற்றால் 2 வாரம், தாமே நோயுற்றால் 2 வாரம், வேலையை இழக்காமல் விடுமுறை பெறலாம். சம்பளம் கிடையாது, வேலை நிலைக்கும். நாடு முழுவதற்குமான சட்டம் 1993-இல்தான் வந்தது. உழைக்கும் குடும்பத்துக்கு வேண்டுவது கூலி மட்டுமன்று; நோயாளியின் பக்கத்தில் இருப்பதற்குரிய நாட்களும் வேண்டும் என்பதை இச்சட்டங்கள் ஒப்புக்கொண்டன.

இத்தகைய சட்டங்கள் எவ்வாறு நிறைவேறுகின்றன? மசோதா ஒன்று வந்தால், சட்டமன்றக் குழு பகிரங்க விசாரணை நடத்தும். சம்மேளனத்தின் அலுவலர் மசோதாவைப் படித்து, எந்தச் சொல்லால் யாருக்கு நன்மை, யாருக்குத் தீமை என்று எளிய நடையில் எழுதிச் சங்கங்களுக்கு அனுப்புவர். விசாரணை நாளன்று தொழிலாளர்களையே அழைத்து வந்து பேசச் செய்வர். கையிழந்தவர் தம் நிலையைத் தாமே கூறுவதற்கு ஈடான வாதம் இல்லை. பின்னர், எந்த அங்கத்தினர் எவ்வாறு வாக்களித்தார் என்பதைப் பட்டியலிட்டு வெளியிடுவர். தேர்தல் வரும்போது அப்பட்டியல் பேசும்.

அங்கத்தினர் கல்வியும் இதில் அடங்கும். 1925-ஆம் ஆண்டுக் கோடையில் ஆலைப் பெண் தொழிலாளருக்காக விஸ்கான்சின் சர்வகலாசாலையில் தொடங்கிய வகுப்பு, பின்னர் ‘தொழிலாளர் பள்ளி’ என வளர்ந்தது. சட்டம், கூட்டம் நடத்தும் முறை, பொருளாதாரம் முதலியவற்றைத் தொழிலாளர் அங்கே பயின்றனர். கூட்டுறவுக் கல்வியின் அருமையை அறிந்த நமக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

சட்டமன்றத்துக்கு வெளியே

சட்டம் ஆண்டுக்கணக்கில் தாமதிக்கும், வயிறு தாமதிக்காது. ஆதலின் அமெரிக்கத் தொழிலாளர் அமைப்புகள் சமுதாயப் பணியையும் தம் கடமையாகக் கொண்டன.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ‘சங்க ஆலோசகர்’ என்னும் ஏற்பாடு பரவிற்று. ஆலையிலேயே வேலை செய்யும் தொழிலாளி ஒருவர் சில வாரங்கள் பயிற்சி பெறுவார். அவர் பணம் கொடுப்பவரல்லர், வைத்தியருமல்லர். ஊரில் எந்த உதவி எந்த இடத்தில் கிடைக்கும், அங்கு எந்தத் தாளுடன் போக வேண்டும், யாரைக் காண வேண்டும் என்பதை அறிந்தவர். மனைவிக்கு நோய், வீட்டு வாடகை பாக்கி, குடிப்பழக்கம், மகனின் வழக்கு என்று எது வந்தாலும், பக்கத்து இயந்திரத்தில் நிற்பவர் இவரிடம் தாழ்ந்த குரலில் சொல்லலாம். அதிகாரியிடம் சொல்லக் கூசும் விஷயத்தை உடன் உழைப்பவனிடம் சொல்வதில் கூச்சம் குறைவு. நம் சங்கங்களிலும் இத்தகைய ஒருவர் விதியின்றியே இருப்பதை நாம் கண்டிருக்கின்றோம். அவருக்குப் பயிற்சியும் பெயரும் தந்ததே அவர்கள் செய்த வேறுபாடு. ‘யுனைடெட் வே’ என்னும் பொது அறநிதி அமைப்புடன் உடன்படிக்கை செய்துகொண்டு, பல நகரங்களில் தொழிலாளர் பிரதிநிதி ஒருவர் அவ்வமைப்பின் அலுவலகத்திலேயே அமர்ந்து பணிபுரியவும் வழி செய்தனர்.

தபால்காரர் சங்கம் நடத்தும் உணவுத் திரட்டு இன்னோர் எடுத்துக்காட்டு. 1991-இல் சில நகரங்களில் சோதனையாக நடத்தப்பட்டு, 1993 முதல் நாடு முழுவதும் மே மாதத்து இரண்டாம் சனிக்கிழமையன்று நடந்து வருவது இது. தொற்றுநோய்க் காலத்தில் இடையே தடைப்பட்டதுண்டு. வீட்டுக்காரர்கள் கெடாத உணவுப் பொருள்களைப் பையிலிட்டுத் தபால் பெட்டியருகே வைப்பர். தபால்காரர் கடிதம் கொடுத்துக்கொண்டே அவற்றைச் சேகரித்து வருவார். அவை அந்தந்த ஊரின் உணவு வங்கிக்கே செல்லும். தனியே ஒரு படை திரட்ட வேண்டியதில்லை. அன்றாடம் நடக்கும் வழியே தருமத்தின் வழியாயிற்று.

அண்டை மாநிலமான மிச்சிகனில் நிகழ்ந்ததையும் குறிப்பிட வேண்டும். பிளின்ட் நகரின் குடிநீர் 2014 ஏப்ரலில் வேறோர் ஆற்றிலிருந்து எடுக்கப்பட்டது; குழாய்கள் அரிக்கப்பட்டு ஈயம் நீரில் கலந்தது. வடிகட்டிகள் வழங்கப்பட்டன; ஆனால் பழைய வீடுகளின் குழாய் முனைகளில் அவை பொருந்தவில்லை. 2016 ஜனவரி 30-ஆம் தேதி சனிக்கிழமை, மாநிலத்தின் பல பகுதிகளிலிருந்து குழாய்த் தொழிலாளர் சங்கத்தினர் ஏறக்குறைய 300 பேர் அந்நகரில் கூடினர். உற்பத்தியாளர்கள் இலவசமாய் அளித்த புதிய குழாய்களையும் வடிகட்டிகளையும் வீடு வீடாகச் சென்று கூலியின்றிப் பொருத்தினர். அவர்கள் கொடுத்தது நன்கொடையன்று, தங்கள் தொழிலறிவு. சங்கம் என்னும் கட்டு இல்லையெனில், ஒரே நாளில் 300 கைவினைஞரை ஓரிடத்தில் சேர்ப்பது எளிதன்று.

சந்தா நின்றபோது

இனி, முதியவரின் கேள்விக்கு நேரான பகுதிக்கு வருகின்றோம். சந்தா இல்லாவிடில் என்ன ஆகும் என்பதை விஸ்கான்சின் அண்மைக் காலத்தில் கண்டது.

2011 மார்ச் 11-ஆம் தேதி, கவர்னர் ஸ்காட் வாக்கர் ‘பத்தாம் சட்டம்’ எனப்படும் சட்டத்தில் கையொப்பமிட்டார். மாநிலத்தின் வரவு செலவைச் சரிக்கட்டவும் வரி செலுத்துவோரின் பாரத்தைக் குறைக்கவும் இது தேவை என்பது அவர் தரப்பு வாதம். போலீஸ், தீயணைப்புப் படையினர் நீங்கலாக ஏனைய அரசாங்கப் பணியாளர் பெரும்பாலோர் இனி அடிப்படைச் சம்பளத்தைப் பற்றி மட்டுமே, அதுவும் விலைவாசி உயர்வின் அளவுக்குள்ளேயே, கூட்டாகப் பேசலாம். சம்பளத்திலிருந்து சந்தாவைப் பிடித்துச் சங்கத்துக்கு அனுப்பும் வழக்கம் நிறுத்தப்பட்டது. சங்கம் நீடிக்க வேண்டுமா என்று ஆண்டுதோறும் வாக்கெடுக்க வேண்டும். வாக்களிக்க வந்தவரில் அன்று, பணியாளர் அனைவரில் பெரும்பான்மையோர் ஆம் என்று கூற வேண்டும். வீட்டிலிருந்தவரின் மௌனமும் இல்லை என்றே கணக்காகும். மாடிசன் நகரச் சட்டமன்றக் கட்டடத்தில் பல வாரங்கள் மக்கள் கூடி எதிர்த்தனர், சட்டம் நின்றது.

2015 மார்ச்சில் தனியார் தொழில்களுக்கும் மற்றொரு சட்டம் வந்தது. அதன்படி எவரையும் சங்கத்துக்குப் பணம் செலுத்தும்படி ஒப்பந்தத்தால் கட்டாயப்படுத்தலாகாது. தனி மனிதரின் விருப்பத்தை மதிப்பது என்று அதன் ஆதரவாளர்கள் கூறினர். ஆயினும் பணம் செலுத்தாதவருக்காகவும் சங்கம் வாதாடும் கடமை நீங்கவில்லை. நம் முதியவர் கேட்ட கேள்வி அங்கே சட்டத்தின் வடிவில் ஒவ்வொரு தொழிலாளியிடமும் கேட்கப்பட்டது எனலாம்.

விளைவு யாது? 2010-இல் அம்மாநிலத்தில் ஊதியத்துக்கு உழைப்போர் நூறு பேரில் ஏறக்குறைய 14 பேர் சங்கத்தில் இருந்தனர். 2015-இல் 8 பேரே இருந்தனர். சங்கங்கள் மெலிந்தால் தலைக்கணக்கில் சந்தா பெறும் சம்மேளனமும் மெலியும். பழைய சட்டங்கள் ரத்தாகவில்லை. 1911-ஆம் ஆண்டின் நஷ்ட ஈடும் 1932-ஆம் ஆண்டின் வேலையின்மை உதவியும் நிலைத்தே உள்ளன. ஆனால் கதவு இருந்தும் காவல் குறைந்தது. 2012 முதல், வேலையிழந்தவர் முதல் வாரத்துக்கு உதவி பெறாமல் காத்திருக்க வேண்டும் என்ற விதி புகுந்தது. வாரத்துக்கு 370 டாலர் என்று 2014-இல் ஏற்பட்ட உச்சவரம்பு, விலைவாசி ஏறியபோதிலும், பத்தாண்டு கழிந்தும் உயரவில்லை. பத்தாம் சட்டத்தின் பெரும்பகுதி செல்லாதென்று 2024 டிசம்பரில் அம்மாநில நீதிபதி ஒருவர் தீர்ப்பளித்தார். அதன்மீது மேல்முறையீடு செய்யப்பட்டது.

குறைகளையும் மறைக்கலாகாது. 1935-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டம் பண்ணைக் கூலிகளையும் வீட்டு வேலைக்காரரையும் முதலில் சேர்த்துக்கொள்ளவில்லை. அமெரிக்கக் கைவினைஞர் சங்கங்களிற் பல, கறுப்பின மக்களை நெடுங்காலம் தம் வாயிலுக்கு வெளியே நிறுத்தியிருந்தன. சங்கத்தில் இடம் பெறாதவரின் துயர் சட்டத்திலும் இடம் பெறாது போவது எளிது. ஆகவே சம்மேளனம் எத்தனை பேருக்காகப் பேசுகிறது என்பதோடு, யாரை மறந்து பேசுகிறது என்பதையும் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

நம் விடை

இவற்றால் நாம் கண்டது இதுவே. சம்மேளனம் தரும் பயன் நூல் கட்டுப் போலக் கையில் வந்து சேர்வதன்று. அது சட்டமாக, விதியாக, வந்திருக்க வேண்டிய துன்பம் வராமற் போனதாகவே வரும். சந்தா கட்டியவருக்கும் கட்டாதவருக்கும் அது ஒன்றுபோலவே கிடைக்கும். அதனாலேயே, நான் ஒருவன் கட்டாவிட்டால் என்ன என்ற எண்ணம் எழுவது இயல்பு. அவ்வெண்ணம் பலருக்கும் எழுந்தால், பதினோர் ஆண்டு காத்துப் பெற்றதைக் காக்க ஆளிராது.

ஆனால் முதியவர் கேட்டது தவறன்று. கேட்காதிருந்தால்தான் தவறு. சந்தா செலுத்தும் ஒவ்வொரு சங்கமும் தன் சம்மேளனத்திடம் ஆண்டுக்கு ஒருமுறை மூன்று கேள்விகள் கேட்பது நலம். இவ்வாண்டு எந்தச் சட்டம் அல்லது உத்தரவைப் பற்றி, எவரிடம், எங்களுக்காகப் பேசினீர்கள்? நாங்கள் தலைக்குச் செலுத்திய தொகை எவ்வாறு செலவாயிற்று? உங்களிடம் அங்கத்தினரல்லாத ஏழைக் குடும்பங்களுக்கு உங்களால் என்ன பயன் விளைந்தது? இவற்றுக்கு எழுத்தில் விடை பெற்று, மகாசபையில் உரக்கப் படிக்க வேண்டும். கூடுமாயின் சம்மேளனத்தின் பொறுப்பாளர் ஒருவரையே அழைத்து, அங்கத்தினர்முன் நின்று பேசச் செய்ய வேண்டும். விடை கூற இயலாத சம்மேளனம் சந்தா கேட்கும் தகுதியை இழக்கும். விடை கூறும் சம்மேளனத்துக்கோ சந்தா மட்டும் போதாது. அங்கத்தினர்களின் சாட்சியமும் வேண்டும். சட்டமன்றக் குழுவின் முன் விஸ்கான்சின் தொழிலாளர்கள் தாமே நின்று பேசியதை நினைவிற்கொள்க.

ஒத்திவைத்த பொருள் அடுத்த மகாசபையில் மீண்டும் வரும். அம்மூன்று கேள்விகளையும் எழுதிச் சம்மேளனத்துக்கு அனுப்பும்படி அச்சங்கத்தின் காரியதரிசியிடம் சொல்லியிருக்கின்றோம். வரும் விடையைக் கூட்டத்தில் படிக்கும் பொறுப்பை அம்முதியவரே ஏற்க வேண்டும் என்பது நம் விருப்பம்.